ஒரே தண்டவாளத்தில் பதின்மூன்று நாட்கள்: கஜகஸ்தான் பயணக் குறிப்புகள்

புறப்பாட்டுக்கு 58 நாள் முன்

கஜகஸ்தானின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, பார்க்க ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டதில் பதினொரு வட்டங்கள் விழுந்தன. மேற்கே காஸ்பியன் கடல் பக்கம் மங்கிஸ்தாவின் வெண்சுண்ணப் பாறைகள், கிழக்கே அல்தாய் மலை, வடக்கே அஸ்தானா, தெற்கே அல்மாட்டி, நடுவே பாதி நன்னீரும் பாதி உப்புநீருமாகக் கிடக்கும் பால்காஷ் ஏரி என்று நாட்டின் எந்த மூலையையும் விடவில்லை. பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பரப்பில் உலகின் ஒன்பதாவது நாடு அது. சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர்தான் வாழ்கிறார்கள். கையில் இருக்கும் நாட்களில் பாதிக்கு மேல் நகர்ந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று கூட்டுத்தொகை சொல்லிவிட்டது.

நாட்களின் எண்ணிக்கையை முடிவு செய்வதும் நானில்லை. 2022 ஜூலை முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் கஜகஸ்தானுக்குள் நுழையலாம். ஆனால் ஒரு முறை நுழைந்தால் 14 நாட்கள்தான் தங்க முடியும், 180 நாட்களில் மொத்தம் 42 நாட்களைத் தாண்டக் கூடாது. கடவுச்சீட்டில் முத்திரை விழும் நாளையே முதல் நாளாக எண்ணிக்கொண்டு, பதின்மூன்றாம் நாளில் வெளியேறிவிட வேண்டும் என்று திட்டமிட்டேன். விமானம் ரத்தானாலோ நான் நோயில் விழுந்தாலோ சமாளிக்க ஒரு நாளாவது கையில் மிஞ்ச வேண்டும்.

ஆகவே இன்று மாலை முழுவதும் வட்டங்களை அழித்துக்கொண்டிருந்தேன். மங்கிஸ்தாவை அழிக்கத்தான் மனம் வரவில்லை. ஆனால் அல்மாட்டியிலிருந்து அங்கே ரயிலில் போகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்த பிறகும், அந்தச் சுண்ணப் பாறைகள் இருக்கும் போஸ்ஜிராவுக்குப் பேருந்து கிடையாது, கரடுமுரடான தடத்தில் ஓடக்கூடிய வண்டியை ஓட்டுநரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தாக வேண்டும். தனி ஆளாகப் போகிறவருக்கு அந்த ஒரு செலவே மற்ற எல்லாச் செலவையும் விழுங்கிவிடும். இவ்வளவு பெரிய நாட்டில் பணம் படுக்கையிலும் சாப்பாட்டிலும் கரைவதைவிடத் தூரத்தில்தான் அதிகம் கரைகிறது என்று மங்கிஸ்தாவை அழிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதையைத் தேடுவதற்குப் பதிலாக, பாதையை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் மேல் விழும் இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அல்மாட்டியிலிருந்து மேற்கே போகும் தண்டவாளம் 1930-இல் முடிந்த துர்க்சிப் ரயில்பாதையின் ஒரு பகுதி; அது அரிஸ் என்ற சந்திப்பில், 1906-இல் முடிந்த ஓரென்பர்க்–தாஷ்கண்ட் பாதையோடு சேர்ந்து, துர்கிஸ்தான், கிசிலோர்டா வழியாக அரால் நகரத்துக்குப் போகிறது. ஒரு மலையடிவார நகரம், ஒரு புனிதத் தலம், வற்றிப்போன ஒரு கடலின் பழைய துறைமுகம் ஆகிய மூன்றும் ஒரே தண்டவாளத்தில் அமைந்திருக்கின்றன. பதினொன்றில் மூன்று வட்டங்களும், அல்மாட்டியிலிருந்து சாலை வழியாகப் போய்வரக்கூடிய மலை ஏரிகளின் வட்டம் ஒன்றும் எஞ்சின.

புறப்பாட்டுக்கு 40 நாள் முன்

மாதம் செப்டம்பர் என்று முடிவாகிவிட்டது. ஜூலையில் சிர் தாரியா ஆற்றுச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தில் தடுப்பறைகள் இல்லாத ரயில்பெட்டியில் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பது கடினம். அக்டோபருக்குப் பிறகு மலை ஏரிகளுக்குப் போகும் பாதையில் பனி விழத் தொடங்கும். செப்டம்பரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, அல்மாட்டியில் ஆப்பிளும் பழுக்கும்.

இன்றைய வேலை ரயில் பயணச்சீட்டுகள். கஜகஸ்தான் ரயில்களில் இரவுப் பயணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டிகள் இருக்கின்றன. நான்கு படுக்கைகளும் கதவும் உள்ள தடுப்பறை கூபே எனப்படும். பிளாட்ஸ்கார்ட்டில் கதவே இல்லை. ஒரு பெட்டிக்கு 54 படுக்கைகள், ஒன்பது பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கே நான்கு படுக்கைகளும் நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இரண்டும் இருக்கும். ஒற்றைப்படை எண் கீழ்ப்படுக்கை, இரட்டைப்படை எண் மேல்படுக்கை. 1 முதல் 36 வரை குறுக்குப் படுக்கைகள். 37-இல் தொடங்கும் ஓரப் படுக்கைகளின் எண்கள் எதிர்த் திசையில் திரும்பி வருவதால், 37-ம் 38-ம் பெட்டியின் கடைசியில் கழிவறைக்குப் பக்கத்தில் வந்து முடிகின்றன. இந்த எண் வரிசையை மனத்தில் ஏற்றிக்கொண்டால், திரையில் காலியாகக் காட்டப்படும் படுக்கை பெட்டியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் மூன்று இரவுகளையும் பிளாட்ஸ்கார்ட்டில்தான் கழிக்கப் போகிறேன். கட்டணம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. ரயிலில் தூங்கும் ஒவ்வோர் இரவும் விடுதியில் ஒரு படுக்கைக்கான பணத்தை மிச்சப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பகல் பொழுதை மிச்சப்படுத்துகிறது. பதின்மூன்று நாள் பயணத்தில் மூன்று பகல்களுக்கு என்ன விலை வைப்பது?

ஒரு தவறும் நேர்ந்தது. துர்கிஸ்தானிலிருந்து அராலுக்குப் போகும் ரயில் நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் புறப்படுகிறது. பயணத்தின் எட்டாம் நாள் இரவு அதில் ஏறுவதாக அட்டவணையில் எழுதியிருந்தேன். எட்டாம் நாளின் தேதியிட்டே சீட்டையும் வாங்கிவிட்டேன். அந்தத் தேதியின் நள்ளிரவு ஏழாம் நாள் இரவோடு முடிந்துபோகும் என்பது சீட்டை மறுபடி படித்தபோதுதான் விளங்கியது. கவனிக்காமல் விட்டிருந்தால், ஒரு நாள் முன்பே போய்விட்ட ரயிலுக்காக நடைமேடையில் நின்றிருப்பேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்ததில் சிறு தொகை பிடித்தம் போனது. சரியான தேதியில் மிஞ்சியிருந்தது 38-ஆம் எண் படுக்கை மட்டும். வாங்கிவிட்டேன். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படும் எந்த வண்டிக்கும், தேதியோடு சேர்த்து, முந்தின நாள் மாலையில் எந்த ஊரில் இருப்பேன் என்பதையும் இனி எழுதி வைக்கப் போகிறேன்.

முன்பு இந்த நாட்டில் இரண்டு நேர மண்டலங்கள் இருந்தன. 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நேரம். உலகப் பொது நேரத்தைவிட ஐந்து மணி நேரம் முன்னே. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

புறப்பாட்டுக்கு 9 நாள் முன்

முதுகுப்பையின் எடை ஏழு கிலோவில் நிற்கிறது. பெட்டிக்குள் நடக்க ஒரு ரப்பர் செருப்பு, ஒரு எவர்சில்வர் குவளை, கரண்டி, காதடைப்பான், மலையில் இரவுக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, கடவுச்சீட்டின் மூன்று நகல்கள். இரண்டாவது காலணியை இரண்டு முறை உள்ளே வைத்து இரண்டு முறையும் வெளியே எடுத்தேன்.

ஒரு டாலருக்குச் சுமார் 500 டெங்கே என்று மனக்கணக்கு வைத்திருக்கிறேன். விமானமும் ரயிலும் போக, ஒரு நாளைக்கு 12,000 டெங்கே என்று ஒதுக்கினேன்: படுக்கைக்கு 5,000, சாப்பாட்டுக்கு 4,000, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 1,500, மீதி 1,500 தனியாகச் சேர்ந்துகொண்டே வரும். அந்தச் சேமிப்பு முழுவதும் வண்டி வாடகை கொடுத்தே ஆக வேண்டிய இரண்டு இடங்களுக்கானது. ஒன்று மலை ஏரிகள், மற்றது அரால் கடல். தினச் செலவை ஒரே அளவாகப் பிரித்துவிட்டு, நடுவில் பெரிய செலவு வரும்போது கலங்குவதைவிட, அந்தச் செலவு எந்த நாளில் வரும் என்பதை முன்பே குறித்துவைத்துவிட்டு மற்ற நாட்களில் அதற்காகச் சேர்ப்பது நல்லது.

அந்த நாட்டு மக்கள் கடையிலும் சந்தையிலும் கஸ்பி என்ற கைப்பேசிச் செயலி மூலமே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே வங்கிக் கணக்கு இல்லாத வழிப்போக்கருக்கு அது உதவாது என்பதால், கிராமப் பக்கம் போகும் நாட்களுக்கு ரொக்கமாகவே, அதுவும் 1,000, 2,000 டெங்கே தாள்களாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏழு வார ஏற்பாட்டில் காசே செலவாகாமல் மிக அதிகப் பயன் தரப்போவது சிரில்லிக் எழுத்துகளைக் கற்றதுதான் என்று நம்புகிறேன். நான்கு மாலைகள் போதுமாக இருந்தன. ஆங்கிலத்தின் பி போல் தோன்றுவது ர, சி போல் தோன்றுவது ஸ, எச் போல் தோன்றுவது ந என்று கண்ணைப் பழக்கிக்கொள்வதுதான் சிரமம். கஜக் மொழிக்கென்று ரஷ்ய எழுத்துகளோடு சேர்த்த சில தனி எழுத்துகள் உண்டு. அவற்றில் ஒன்று நம்முடைய ங் ஒலிக்கானது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கூட்டி எழுதும் ஒலிக்கு அங்கே நம்மைப் போலவே தனி எழுத்து இருப்பதைப் பார்த்ததும், முன்பின் தெரியாத ஊரில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல் இருந்தது.

முதல் நாள், அல்மாட்டி

நகரத்தின் தெற்கே பனி மூடிய மலைச்சுவர். ஊர் முழுவதும் அதிலிருந்து வடக்கே சரிந்து இறங்குகிறது. வழி கேட்டால் இங்கே பலர் மேலே போ, கீழே போ என்றுதான் சொல்கிறார்கள். மேலே என்றால் மலைப் பக்கம். தெருவோரங்களில் அரிக் எனப்படும் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் கீழே. வரைபடத்தைத் திறக்காமலே பொது அறை விடுதியை வந்தடைய இந்த ஒரு விவரம் போதுமாக இருந்தது.

விடுதி வரவேற்பில் கடவுச்சீட்டை வாங்கி நகலெடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கியிருப்பதை மூன்று வேலை நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது தங்கவைப்பவரின் பொறுப்பு. தெரிவித்துவிட்டீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதில் தயங்க வேண்டியதில்லை.

பச்சைச் சந்தையில் அபோர்ட் ஆப்பிள் ஒன்று வாங்கினேன். இரண்டு கையாலும் பிடிக்கும் அளவு. சிவப்புத் தோலின் மேல் மெல்லிய வெண்பூச்சு, அறுத்தால் அறை முழுவதும் மணம். இன்று உலகம் உண்ணும் ஆப்பிளின் மூதாதையான காட்டு ஆப்பிள் இந்த மலைச்சரிவுகளில்தான் வளர்கிறது. 1929-இல் இங்கே வந்த ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ், ஆப்பிளின் தாயகம் இதுவே என்று கண்டுகொண்டார். பாதி ஆப்பிளும் வட்டமான ஒரு நான் ரொட்டியும் இரவு உணவாயின.

இரண்டாம் நாள், அல்மாட்டி

காலையில் 12-ஆம் எண் பேருந்தில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,691 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெதேவ் பனிச்சறுக்கு அரங்கத்துக்குப் போனேன். அதற்கு மேலே 842 படிகள் ஏறினால் ஓர் அணை. அங்கே தேக்கிவைக்கத் தண்ணீர் இல்லை. மலையிலிருந்து பாறையும் சேறுமாக இறங்கும் பெருவெள்ளத்தைத் தடுக்கவே அது கட்டப்பட்டது. 1973-இல் அப்படியொரு சேற்றுவெள்ளம் வந்தபோது நகரத்தைக் காத்தது இந்த அணைதான். இழுவைக் கம்பி வண்டியில் இன்னும் மேலே போகலாம். படிகளில் ஏறியதற்குக் கட்டணம் இல்லை, கண்ட காட்சியிலும் எனக்குக் குறை தோன்றவில்லை.

மாலையில் பான்ஃபிலோவ் பூங்காவில் விண்ணேற்றப் பேராலயத்தைப் பார்த்தேன். 1907-இல் முடிந்த, முழுக்க மரத்தால் எழுந்த கட்டடம். 1911-இன் பெரும் நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி இடிந்தபோது இது நின்றது. அதே நிலநடுக்கத்தின் இன்னொரு விளைவைப் பார்க்கத்தான் நாளை கிழக்கே கிளம்புகிறோம். விடுதியின் சமையலறையில் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்த அழைப்பைப் பார்த்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். வண்டி வாடகை நான்காகப் பிரிந்துவிட்டது.

நான்காம் நாள், சாத்தி கிராமம்

நேற்று வழியில் சரின் ஆற்றின் செம்பாறைப் பள்ளத்தாக்கில் மூன்று மணி நேரம் நடந்தோம். அதைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும் இன்று கண்டதையே எழுதுகிறேன்.

காயிந்தி ஏரிக்குச் சாத்தியிலிருந்து போகும் தடம் ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஏறுகிறது. புகான்கா என்று ரஷ்ய மொழியில் முழு ரொட்டியின் பெயரால் அழைக்கப்படும் பழைய வகை உவாஸ் வண்டியில்தான் போனோம். வடிவமும் அப்படியே ரொட்டிதான். 1911 நிலநடுக்கத்தில் சரிந்த மலை ஓடையை அடைத்ததால் பள்ளத்தாக்கில் நீர் நிரம்பி உண்டானது இந்த ஏரி. அங்கே நின்றிருந்த ஊசியிலைக் காடு அப்படியே மூழ்கிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மரங்கள் விழவில்லை. நீல நீருக்கு மேலே பட்டை உரிந்து வெளுத்த தண்டுகள் கம்பங்களாக நிற்கின்றன. கரையில் மண்டியிட்டு நீருக்குள் பார்த்தேன். நீரின் குளிர்ச்சியால் அழுகாமல், மூழ்கிய பகுதியில் கிளைகள் இன்னும் இருக்கின்றன, அவற்றின் மேல் பாசி ஊசியிலைபோல் படர்ந்திருக்கிறது. மேலே பட்டுப்போனதாகத் தெரியும் மரம் நீருக்குள் கிளையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, நால்வரும் நெடுநேரம் பேசவில்லை.

பிற்பகலில் கோல்சாய் முதல் ஏரிக்குப் போனோம். இரண்டாம் ஏரிக்கு ஏறிச்சென்று திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். எங்களிடம் அரை நாள்தான் இருந்தது. திட்டத்தில் நான் செய்த பிழை இது. இங்கே இன்னும் ஓர் இரவு ஒதுக்கியிருக்க வேண்டும்.

தங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் வீட்டில். படுக்கையோடு இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்து ஒரே தொகை. ரொக்கமாகக் கொடுத்தேன், எடுத்துவந்த சில்லறைத் தாள்கள் இங்கே மிகவும் உதவின.

ஆறாம் நாள் இரவு, ரயிலில்

அல்மாட்டியில் இரண்டு ரயில் நிலையங்கள். இரண்டாம் நிலையம் ஊருக்குள் இருக்கிறது. முதல் நிலையம் வடக்கே தள்ளி இருக்கிறது. சீட்டில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். பெட்டியின் வாசலில் பணியாளர் கடவுச்சீட்டையும் சீட்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏறவிட்டார். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சங்கடம் என்பதால், சீட்டு வாங்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே தட்டச்சு செய்ய வேண்டும்.

உறையிட்ட விரிப்பும் தலையணை உறையும் துண்டும் கொடுத்தார்கள். பெட்டியின் ஒரு முனையில் தித்தான் எனப்படும் வெந்நீர்க் கொதிகலன் இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருக்கிறது. பயணிகள் குவளையும் தேநீர்க் கெண்டியுமாக அங்கே போய்வந்தபடி இருக்கிறார்கள். எனக்கு மேல்படுக்கை. பகலில் மேல்படுக்கைக்காரர் கீழ்ப்படுக்கையின் ஒரு ஓரத்தில் உட்காருவது இங்கே வழக்கம் என்றாலும், கீழே இருந்தவர் வயதான ஒரு அம்மாள் என்பதால் நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மெத்தையைச் சுருட்டி, பக்கத்தில் தட்டிக் காட்டி உட்காரச் சொன்னார். கூட வந்த பேத்தி பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் பேசினாள். பாட்டியை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டேன். அபா என்றாள். நமக்கு அப்பா என்று காதில் விழும் சொல்லால் இங்கே மூத்த பெண்களை அழைக்கிறார்கள்.

அபா துணிப்பையிலிருந்து கைப்பிடியில்லாத கிண்ணங்களை எடுத்து, பால் விட்ட தேநீரை எனக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றினார். இரண்டு மடக்கில் தீர்ந்துவிட்டது. உடனே வாங்கி மறுபடியும் கால் கிண்ணம் ஊற்றினார். அப்படியே ஐந்தாறு முறை. பேத்திதான் விளக்கினாள்: விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாகிவிடும், கொஞ்சமாக ஊற்றினால்தான், சூடு ஆறாமல், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, நெடுநேரம் உடனிருக்கலாம். வெளியே இருட்டில் புல்வெளி போய்க்கொண்டிருந்தது. அந்தத் தேநீர் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிந்தது. என்னிடமிருந்த ஆப்பிள்களை அறுத்துப் பங்கிட்டேன்.

எட்டாம் நாள், துர்கிஸ்தான்

இரண்டு நாளாகக் கோஜா அகமது யாசவியின் நினைவிடத்தைச் சுற்றிச்சுற்றி வருகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்து மறைந்த சூஃபிப் பெரியவர் அவர். இப்போது நிற்கும் கட்டடம் தைமூரின் ஆணையில் 1389 முதல் எழுந்தது. 1405-இல் தைமூர் இறந்ததும் வேலை நின்றுவிட்டது. 2003-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

பின்புறமும் பக்கச் சுவர்களும் நீலமும் பசுமையுமான ஓடுகளால் மின்னுகின்றன. முன்வாசலுக்கு வந்தால் வெறும் செங்கல். அந்தச் செங்கல் சுவரில், ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கொத்தர்கள் நின்று வேலை செய்வதற்காகச் செருகிய சாரக் கட்டைகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மாலையில் புறாக்கள் அவற்றின் மேல் வரிசையாக உட்காருகின்றன. எனக்கு ஓடுகளைவிட அந்தக் கட்டைகள்தான் நெருக்கமாக இருந்தன.

உள்ளே 18 மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள செங்கல் குவிமாடத்தின் கீழே, 1399-இல் வார்த்த இரண்டு டன் எடையுள்ள வெண்கலக் கொப்பரை. தொழுகைக்கு வருபவர்களுக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கச் செய்தது. 1935-இல் லெனின்கிராடின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1989-இல்தான் திரும்பி வந்தது. ஒரு முதியவர் தன் பேரனைத் தூக்கிப் பிடித்து அதன் விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அறைச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இங்கே ஒதுக்கியதைவிடக் குறைவாகவே ஆயின. சேமிப்பில் இப்போது 9,400 டெங்கே இருக்கிறது. நள்ளிரவு ரயிலுக்காக நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேதியை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தாயிற்று.

ஒன்பதாம் நாள், அரால்

38-ஆம் எண் படுக்கை. ஓர் அடி தள்ளிக் கழிவறைக் கதவு, யார் போனாலும் இழுத்துச் சாத்தும் ஓசை. அகலம் குறைவு, கால் நீட்ட முடியவில்லை, நடைபாதையில் போகிறவர்களின் தோள் படுக்கையில் உரசுகிறது. ஓரிரவைக் கழிக்கலாம். இரண்டு இரவானால் கூடுதல் பணம் கொடுத்து வேறு படுக்கையே வாங்க வேண்டும்.

விழித்தபோது வண்டி தோரெதாமில் நின்றிருந்தது. 1957-இல் முதல் செயற்கைக்கோளும் 1961-இல் யூரி ககாரினும் புறப்பட்ட பைக்கனூர் ஏவுதளத்துக்கான ரயில் நிலையம். ஏவுதளத்தை 2050 வரை ரஷ்யா குத்தகைக்கு எடுத்திருக்கிறது. உள்ளே போக முன் அனுமதியும் செலவு மிகுந்த குழுப் பயண ஏற்பாடும் வேண்டும். திட்டமிடத் தொடங்கிய நாளில் வரைபடத்தில் அழித்த வட்டங்களில் அதுவும் ஒன்று. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் மண் நிறத்துத் தட்டை நிலமும் இரண்டு ஒட்டகங்களும்தான்.

அரால் நிலையத்தின் கூடத்தில் இறங்கியதும் சுவரில் வண்ணக் கற்களால் பதித்த பெரிய படம். 1921-இல் வோல்கா பகுதியில் பஞ்சம் வந்தபோது லெனின் கடிதம் எழுதிக் கேட்க, இந்த ஊர் மீனவர்கள் 14 ரயில்பெட்டிகள் நிறைய மீன் பிடித்து அனுப்பிய கதை. படத்தில் வலையும் படகும் அலையும் இருக்கின்றன. நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்து பழைய துறைமுகத்துக்குப் போனால் பாரந்தூக்கிகள் மணலைப் பார்த்தபடி நிற்கின்றன.

பத்தாம் நாள், அரால்

கடல் என்று பெயர் பெற்றிருந்தாலும் அரால் ஓர் ஏரிதான், ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களில் தொடங்கி அமு தாரியா, சிர் தாரியா இரண்டின் நீரும் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதில் கடல் சுருங்கி, வடக்கும் தெற்குமாக இரண்டாகப் பிளந்தது. உப்பு ஏறியதில் நன்னீர் மீன்கள் அழிந்தன. 2005-இல் உலக வங்கியின் கடனுதவியோடு வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் நடுவே கோக்-அரால் அணை முடிந்த பிறகு, சிர் தாரியாவின் நீர் வடக்கிலேயே தங்கியது. மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது.

கரைக்குப் போகப் பேருந்து இல்லை. பங்கு சேர ஆளும் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்கு வாடகை; சேமிப்பு முழுவதும் போய், மேலும் நாளைய பணத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவு வரும் என்று தெரிந்தேதான் அல்மாட்டியில் கம்பி வண்டியில் ஏறாமல் இருந்தேன் என்பதால் மனம் சஞ்சலப்படவில்லை.

வண்டி முன்னாள் கடலின் தரையில் ஓடியது. உப்புப் பூத்த வெண்மண்ணில் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துத் தட்டியதும் பொடியாகிவிட்டது. ஜலனாஷ் பக்கத்தில் ஒரு காலத்தில் மணலில் வரிசையாக நின்ற கப்பல்கள் பெரும்பாலும் பழைய இரும்புக்காக வெட்டப்பட்டுவிட்டன. ஓட்டுநர் அவை நின்ற இடத்தைக் கையால் காட்டினார். பிறகு தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது, அது அகன்றது, அலையோசை கேட்டது. கரையில் இரண்டு மீனவர்கள் படகிலிருந்து சூதாக் மீன்களைப் பிளாஸ்டிக் கூடைகளில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை நிறைந்ததும் இளையவர் அதைத் தூக்கித் தராசில் வைத்து, எடையைக் கரியால் படகின் பலகையில் எழுதினார். காலணியைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை நீரில் இறங்கி நின்றேன்.

ஊர் திரும்பி, அதே வகை மீனை வறுத்துத் தந்த கடையில் இரவுச் சாப்பாடு.

பன்னிரண்டாம் நாள், அல்மாட்டிக்குத் திரும்பும் ரயிலில்

கைச்செலவுக் கணக்கை முடித்துவிட்டேன். பன்னிரண்டு நாளுக்கு 1,44,000 டெங்கே என்பது திட்டம்; செலவானது 1,51,300. மிகைச் செலவு முழுவதும் அராலின் வண்டி வாடகை. அடுத்து வருகிறவர்கள் அங்கே போவதற்கு முன்பே, அல்மாட்டி விடுதியிலோ துர்கிஸ்தானிலோ இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டால் இந்தப் பள்ளம் விழாது. கோல்சாயில் ஓர் இரவு கூட்ட வேண்டும். அல்மாட்டியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை எனக்கு 17-ஆம் எண், கீழ்ப்படுக்கை. மேலே இருப்பவர் கிசிலோர்டாவில் ஏறிய கல்லூரி மாணவர். காலையில் இறங்கி வந்து, கையில் குவளையோடு நடைபாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்து, பக்கத்தில் தட்டிக் காட்டினேன். உட்கார்ந்தார். தித்தானிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து, அரால் சந்தையில் வாங்கிய தேயிலையைப் போட்டு, அவர் குவளையில் கால் பாகம் ஊற்றினேன். அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தார். அல்மாட்டிக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது.